வாய் பிளந்த வண்டி

ஏற்காடு
28.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் நம் வீட்டில் இருக்கட்டும். நான் சுகம். மலைக்குளிர் பழகிவிட்டது. உனக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? கவரைப்பேட்டையில் இப்போது வெயில் மண்டையைப் பிளக்குமே.

குருத்து ஞாயிறன்று இங்கே எல்லோரும் உட்கார்ந்து ஓலைச் சிலுவை பின்னினோம். அம்மா ஞாபகமாகவே இருந்தது. வழக்கம்போலக் கதவு, ஜன்னல், கோழிக்கூண்டு என்று திறப்பு எங்கே இருந்தாலும், கெட்டது நுழையாமலிருக்க அங்கே ஒரு சிலுவை சொருகியிருப்பாள், இல்லையா?

மடத்தில் கைபேசி கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று உனக்குத் தெரியும். போன இரண்டு கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. இந்தக் கடிதத்துக்காவது போடு, ஏனென்றால் இதில் விஷயம் இருக்கிறது. என் முதல் வார்த்தைப்பாடு டிசம்பர் எட்டாம் தேதி என்று முடிவாகிவிட்டது. அன்றுதான் நான் கன்னியாஸ்திரி ஆகிறேன். பூசையின் நடுவில் பெற்றவர்கள் பீடத்துக்கு முன்னால் வந்து, எரிகிற மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்து, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுப் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும். ரோட்டில் லாரி மோதி அப்பா போய் ஆறு வருடமாகிறது. அம்மாதான் வர வேண்டும்.

நான் மடத்துக்குக் கிளம்பிய அன்று அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். “போய்ட்டு வரேம்மா” என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. சின்ன வயதில் நாம் பள்ளிக்கூடம் கிளம்பினால்கூட வாசல்வரை ஓடிவந்து நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பியவள். அத்தனை பெரிய பயணத்துக்கு எனக்குப் போடவில்லை. இங்கே எத்தனை ஜெபம் சொன்னாலும் அந்த இடம் மட்டும் ஆறவில்லை, அண்ணா.

அம்மா வருவாளா? சுற்றி வளைக்காமல் எழுது.

ஜெபத்தில் உங்களை நினைக்கும் தங்கை,
சுகிர்தா


கவரைப்பேட்டை
19.5.2025

அன்புத் தங்கை சுகிக்கு,

அண்ணன் பாக்கியநாதன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மா நலம். பக்கத்து வீட்டு மோனிகா அக்கா நலம், அவர்கள் கோழிகளும் நலம். உன் நலத்துக்கு நாங்கள் வேண்டிக்கொள்வதைவிட, நீ எங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்வதுதான் சீக்கிரம் போய்ச் சேரும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு சந்தோஷச் செய்தி. கார் வாங்கிவிட்டேன்! இரண்டு கை மாறியதுதான். ஆனாலும் டர்போ டீசல். அம்மாவுக்கு பஸ் ஆகாது என்று உனக்குத் தெரியும். செங்குன்றம் தாண்டுவதற்குள் வாந்தி. ஏற்காட்டு வளைவுகளில் பஸ்ஸில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும். “பஸ்ல நா வர மாட்டேன்” என்றாள். “கார் இருந்தா?” என்றேன். “மொதல்ல வாங்கு, அப்பால பாக்கலாம்” என்றாள். வாங்கிவிட்டேன்.

ஒரே ஒரு குறை, வண்டிக்கு இழுவை போதவில்லை. அம்மா, சித்தப்பா, சித்தி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு தச்சூர் கூட்டுரோடு மேம்பாலம் ஏறினேன். சிமெண்ட் லாரி ஒன்று எங்களை உரசுவதுபோல முந்திக்கொண்டு போனது. அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பாவம், அவமானமாக இருந்திருக்கும். இறங்கியதும் சொன்னாள்: “பாலமே ஏறல. இது எங்க மல ஏறப் போவுது.”

விடுவேனா? பானெட்டைத் திறந்து பார்த்தேன். இன்ஜினுக்குக் காற்று போகிற பைப்பின் வாய், இன்ஜின் பக்கத்திலேயே இருக்கிறது. கொதிக்கிற காற்றைத்தான் வண்டி குடிக்கிறது. முன்பக்கமிருந்து குளிர்ந்த காற்று கொடுத்தால் பறக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாதிக் கம்பெனிகளுக்குக் காற்று போகிற டக்ட் எங்கள் தகர வேலை ஷெட்டில் மடித்துக் கொடுத்ததுதான். ஊருக்கெல்லாம் செய்கிறவன் என் வண்டிக்குச் செய்ய மாட்டேனா? வீட்டில் பாத்ரூமுக்கு வாங்கி மிஞ்சிய பிவிசி பைப் இருக்கிறது. முன் கிரில்லில் ஓட்டை போட்டு, அங்கிருந்து ஃபில்டர் பெட்டிவரை இழுத்துவிடப் போகிறேன். நீ கார் பாகங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தவள். உன் கருத்து என்ன?

தாள் முடிந்துவிட்டது. மற்றவை அடுத்ததில்.

உன் அண்ணன்,
பாக்கியநாதன்


ஏற்காடு
15.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தூய ஆவியானவர் உனக்குப் புத்தியைத் தரட்டும். இங்கே நலம். மோனிகா அக்கா வீட்டுக் கோழிகளின் நலம் அறிந்து மகிழ்ச்சி.

உன் கடிதத்தை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்துவிட்டேன். அம்மா வருவாளா என்பதற்குப் பதில் எங்கே? தாள் முடிந்துவிட்டதாம். பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது?

எங்களுக்கு வரும், நாங்கள் போடும் கடிதங்களை, எங்களைப் பயிற்றுவிக்கும் நவகன்னியர் தலைவி அம்மா படித்துவிட்டுத்தான் விடுவார்கள். உன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்கள். “டர்போ என்பது யார்?” என்று கேட்டார்கள். யாருமில்லை, இன்ஜின் விடுகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளும், காற்று நிறைய உள்ளே போனால் வண்டிக்கு வலிமை வரும் என்றேன். பெந்தகோஸ்தே திருநாள் முடிந்த வாரம். அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. “காற்றாக இறங்கி வந்து வலிமை கொடுப்பது. நல்ல வண்டிதான்” என்று கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

பிவிசி வேண்டாம். இன்ஜின் சூட்டில் அப்பளமாக வளையும். தகரத்தில் செய், வளைவில் ரப்பர் ஹோஸ் போடு, கிளாம்ப் இறுக்கு. ஃபில்டரை மட்டும் கழற்றாதே. உங்கள் பக்கத்துத் தூசி டர்போவைத் தின்றுவிடும். முக்கியமாக, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியபின் கொஞ்ச நாள் ஓட்டிப் பார். நாலைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது.

இப்போது எனக்குப் பதில் சொல்வது உன் முறை.

தங்கை,
சுகிர்தா


கவரைப்பேட்டை
14.7.2025

அன்புள்ள சுகி,

உன் ஜெபத்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மா நலம். தவறாமல் பூசைக்குப் போகிறாள். வண்டிதான் சுகமில்லை.

நீ சொன்னது சரி. பிவிசி வளைந்து, உருகி, நாற்றம் ஊரைக் கூட்டியது. தகரத்தில் மாற்றினேன். என்னோடு ஷெட்டில் வேலை செய்யும் அன்புசெல்வன்தான் ஒத்தாசை. சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் அவன் மாமா அங்கே டயர் மாட்டினாராம், அதனால் தனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறான். மாட்டி முடித்து பொன்னேரிக்கு விட்டோம் பார், வண்டி அம்பு! டர்போ விசில் அடித்தது. அன்புசெல்வன் ஜன்னலில் தலையை நீட்டி அதுக்கு மேல் விசில் அடித்தான்.

அடுத்த வாரமே பழைய குருடி. ஆக்சிலேட்டரை மிதித்தால் கரும்புகை, இழுவை இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாய் சின்னதாகப் போய்விட்டதோ என்று அகலமாக்கினேன். மறுபடி அம்பு. மறுபடி அடுத்த வாரம் ஆமை. டீசல் மாற்றினேன். ஃபில்டர் புதிது போட்டேன். கொஞ்ச நாள் ஓடும், பிறகு மூச்சு வாங்கும்.

ஒரு நல்ல விஷயம். அம்மாவுக்கு வண்டி மேல் பாசம் வந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் துணியை நனைத்துக்கொண்டு தானே துடைக்கிறாள். என்னைக் கிட்டே விடுவதில்லை. முதல் நாள் அந்தப் பைப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இன்னாடா இது, வாய பொளந்துகினு கெடக்குது. எதனா உள்ள பூந்துட்டா?” காற்றைத் தவிர ஒன்றும் புகாது என்று விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

வேறு செய்தி பெரிதாக இல்லை. மோனிகா அக்கா வீட்டு வாசலில் சொருகியிருந்த ஓலைச் சிலுவையைக் காணோமாம். அணில் தூக்கிப் போயிருக்கும் என்று அணில்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
அண்ணன்


ஏற்காடு
10.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு சுகம். மனசு சுகமில்லை.

முதலில் உன் வண்டி. கரும்புகை என்றால் காற்று போதவில்லை என்று பொருள். நீ வாயை அகலமாக்க அகலமாக்கக் காற்று குறைகிறது என்றால் எனக்கும் தலை சுற்றுகிறது. தலைவி அம்மாவும் யோசித்தார்கள். சாமியாரைக் கொண்டு வண்டியை மந்திரித்தீர்களா என்று கேட்கச் சொன்னார்கள்.

இப்போது நான். யார் யார் வருகிறார்கள் என்று பெயர் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். என்னோடு வார்த்தைப்பாடு கொடுப்பவர்களில் மற்ற எல்லோரும் கொடுத்தாகிவிட்டது. ஒருத்திக்கு பள்ளிப்பட்டு பக்கத்திலிருந்து வேன் நிறைய ஆட்கள். அவள் கேட்கிறாள், “ஒங்க ஊட்லேர்ந்து எத்தினி பேர்?” நான் சிரித்து மழுப்புகிறேன். எத்தனை நாள் மழுப்புவது?

அம்மா மறுத்தால் மறுத்தாள் என்று எழுது. அழுதுவிட்டு எழுந்துவிடுவேன். உன் பதிலில் பைப்பும் கிளாம்ப்பும் மட்டும் வருவதைத்தான் தாங்க முடியவில்லை. நீ சின்ன வயதிலும் இப்படித்தான். பரீட்சையில் தோற்றால் மார்க்கைச் சொல்லாமல், வாத்தியார் சட்டைக் கலரைச் சொல்வாய்.

காத்திருக்கும்,
சுகிர்தா


கவரைப்பேட்டை
12.10.2025

அன்புள்ள சுகி,

இவ்வளவு நாள் எழுதாததற்கு என்னைத் திட்டு. நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன். உண்மையை எழுத வரவில்லை, உனக்குப் பொய் எழுத மனசு வரவில்லை. வண்டி சரியாகட்டும், அம்மாவை ஏற்றி உட்கார வைத்துவிட்டு “வருகிறோம்” என்று ஒரே வரி எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அதற்காகத்தான் இந்தப் பாடு. ஷெட்டில் டக்ட்டுக்குச் செய்கிற பெரிய புனல் ஒன்றை வண்டி மூக்கில் மாட்டினேன். பார்க்க நாதஸ்வரம் மாதிரி இருக்கிறது. தெருவில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

போன வாரம் அம்மாவை உட்கார வைத்துத் திருத்தணி மலைக்கு விட்டேன். நம் பக்கத்தில் வேறு மலை ஏது? பாதி மலையில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் புகை மண்டலம். ஷேர் ஆட்டோவெல்லாம் எங்களைத் தாண்டிப் போனது. விபூதி விற்கிறவர் ஒருத்தர் இரக்கப்பட்டு ஒரு பொட்டலம் நீட்டினார். அம்மா என்னைப் பார்த்து, “ஏறாதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல” என்றாள். சுகி, அவள் முகத்தில் வருத்தம் இல்லை. நிம்மதி இருந்தது. 

கீழே வந்து கேட்டேவிட்டேன்.

“கார் ஏறலன்னா வேன் புடிக்கறேம்மா. சுகி கூப்புடுது. வர்றியா இல்லியா?”

“கூப்புடட்டும்.”

“நீதான் ஒப்படைக்கணுமாம்.”

“கூட்டிகினு போனவங்களே வெச்சிக்கட்டும். நா வேற என் கையால எடுத்துக் குடுக்கணுமா?”

அவ்வளவுதான்.  இதைத்தான் நான் மே மாதத்திலிருந்து எழுதாமல் இருந்தேன். “மொதல்ல வாங்கு” என்றதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் வருகிறேன் என்று சொன்னதில்லை. நான்தான் காரைச் சரி பண்ணினால் அம்மாவும் சரியாகிவிடுவாள் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. நெற்றியில் சிலுவை போடாதது உனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பா போன நாளிலிருந்து எனக்கும் போட்டதில்லை. நீ அப்போது கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாய், கவனித்திருக்க மாட்டாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற வீடா இது?

உன் தோற்றுப்போன அண்ணன்,
பாக்கியநாதன்


ஏற்காடு
26.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ எழுதிய முதல் உண்மையான கடிதம். அழுதேன். அழுததும் பசி எடுத்தது, சாப்பிட்டேன். ஆகவே நலம் என்றே எழுதுகிறேன். நீயும் சாப்பிடு.

பெயர்ப் பட்டியலில் அம்மாவின் பெயரை எழுதிவிட்டேன். அவள் வராவிட்டால் மடத்தில் அந்தப் பெயரை அடித்துவிடட்டும்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். இரண்டு வருட ஜெபத்துக்குப் பிறகும் பழைய வேலைப் புத்தி போகவில்லை. காலையில் நல்லதென்று முத்திரை குத்திய பாகம் மாலையில் கெட்டுப்போய் வந்தால், நாங்கள் பாகத்தைத் திட்ட மாட்டோம். நடுவில் அதில் கை வைத்தது யார் என்றுதான் கேட்போம். உன் வண்டி நீ செய்து முடித்தவுடன் நன்றாக ஓடுகிறது. ஆக, உன் வேலை தப்பில்லை. அடுத்த வாரம் கெடுகிறது. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைக்கிறது யார்? உன்னைக் கிட்டே விடாதது யார்?

புதிதாக எதையும் வெட்டாதே, ஒட்டாதே. புனலுக்குள் கையை விட்டுப் பார். வளைவுவரை விடு.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் நல்லது. சரியாக இருந்தாலும் அம்மாவிடம் கத்தாதே.

சுகிர்தா


கவரைப்பேட்டை
9.11.2025

அன்புள்ள சுகி,

கத்திவிட்டேன். மன்னித்துவிடு. நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

மழை விட்ட நேரமாகப் பார்த்து, புனலுக்குள் கையை விட்டேன். விரலை ஏதோ கீறியது. இழுத்தேன். குருத்தோலைச் சிலுவை! இன்னொன்று வந்தது. இன்னொன்று. இந்த வருடத்தது, போன வருடத்தது, சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்காக எரிக்கக் கோயிலில் கேட்டபோது கொடுக்காமல் ஒளித்து வைத்த பழைய வருடங்களுடையது. மோனிகா அக்கா வீட்டு வாசல் சிலுவையும் அதில் இருந்தது, அவர்கள் கட்டுகிற சிவப்பு நூலோடு. பாவம், அணில்கள். ஹோஸைக் கழற்றினேன். வளைவில் மழை ஈரத்தில் ஊறிக் கெட்டியாக ஒரு ஓலைப் பந்தே அடைத்துக்கொண்டிருந்தது. டர்போ உறிஞ்ச உறிஞ்ச எல்லாம் அங்கே போய் இறுகியிருக்கிறது. நான் வாயைப் பெரிதாக்கியதெல்லாம் அம்மா சொருகுவதற்கு இடம் பண்ணிக் கொடுத்ததுதான்!

எல்லாவற்றையும் ஒரு முறத்தில் போட்டு அம்மா முன்னால் வைத்தேன்.

“இன்னாமா இது?”

“சிலுவ.”

“சிலுவன்னு எனுக்கும் தெரியுது. காத்து போற வழில ஏம்மா சொருவன?”

“கதவுல சொருவறோம், ஜன்னல்ல சொருவறோம். வாய தொறந்து வெச்சிகினு ரோட்ல ஓடற வண்டிக்கு சொருவ மாட்டாங்களா?”

“ஒண்ணு சொருவனா பரவால்ல. இத்தினியா? வண்டி இழுக்காதுன்னு ஒனுக்குத் தெரியாதா?”

முறத்தில் கலைந்து கிடந்த சிலுவைகளை ஒழுங்காக அடுக்கினாள். பிறகு “தெரியும்” என்றாள்.

அங்கேதான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

சுத்தம் செய்த வண்டியை நேற்றுத் திருத்தணிக்குக் கொண்டுபோனேன். நிற்காமல் உச்சிவரை ஏறியது. இத்தனை மாதம் எதற்காகக் கிடந்து அலைந்தேனோ, அது நடந்துவிட்டது. சந்தோஷமே வரவில்லை. இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு ஒரே குழப்பம், சுகி. வண்டி நல்லபடி ஓட வேண்டும் என்று வேண்டி வைத்தாளா, ஓடவே கூடாது என்று அடைத்தாளா? சிலுவையை வைத்து யாராவது கெடுதல் செய்வார்களா? நல்லது செய்கிறவள் வண்டி இழுக்காது என்று தெரிந்தே செய்வாளா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உன் தலைவி அம்மாவைக் கேட்டுச் சொல்.

அண்ணன்


ஏற்காடு
16.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் சுகிர்தா எழுதுகிறேன். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? மழைக்கு அதிகமாகுமே. தைலம் தீர்ந்திருந்தால் அண்ணனை வாங்கித் தரச் சொல். பேசாமலே கையை நீட்டினாலும் வாங்கிக் கொடுப்பான்.

இந்தக் கடிதத்தைத் தலைவி அம்மா படிக்கவில்லை. “இது உன் அம்மாவுக்கு. ஒட்டியே கொடு” என்றார்கள்.

அண்ணன் குழம்பிக் கிடக்கிறான். வேண்டுதலா, தடையா என்று என்னைக் கேட்கிறான். எனக்கு அது தெரிய வேண்டாம். நீ வண்டியை ஓட விடாமல் செய்திருந்தால்கூட எனக்குக் கோபமில்லை. என்னை அனுப்ப மனசில்லாமல்தானே செய்தாய்? அதுவும் பாசம்தானே?

ஆனால் நான் திரும்பி வர மாட்டேன், அம்மா. எட்டாம் தேதி பீடத்துக்கு முன்னால் நிற்பேன். நீ வராவிட்டால் உன் இடத்தில் தலைவி அம்மா நின்று மெழுகுவர்த்தி கொடுப்பார்கள். வாங்கிக்கொள்வேன். அதற்குப் பிறகு என்னை எந்த ஊருக்கு அனுப்புகிறார்களோ, அங்கே போவேன்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டும். ஒரு கார் பைப்புக்கு இத்தனை சிலுவை வைத்தாயே. உன் மகள் நெற்றியில் ஒன்று போட ஏனம்மா உன் கை வரவில்லை?

உன்
சுகி


கவரப்பேட்ட
27.11.2025

சுகி கண்ணுக்கு,

அம்மா எழுதறேன். அஞ்சாவதோட நின்னவ, தப்பு இருந்தா நீயே திருத்திக்க. முட்டி வலி கீது. தைலம் வாங்கிக் குடுத்துட்டான். நேத்து நானே பேசிட்டேன் அவன்கிட்ட. எத்தினி நாளு மூஞ்ச தூக்கி வெச்சிக்கறது, பேஜாரா கீது.

நீ கேட்டியே, அதுக்கு சொல்றேன். இது யாருக்கும் சொன்னது இல்ல. ஒங்கப்பா கடைசியா வேலைக்குக் கெளம்பசொல்ல அவசரமா செருப்ப மாட்டிகினு இருந்தாரு. நா ஓடியாந்து நெத்தில ஒரு சிலுவ போட்டேன். “சரி சரி, நேரமாச்சி”ன்னு போனாரு. சாயங்காலம் ஆஸ்பத்திரில பாக்கசொல்ல அந்த நெத்தில கட்டு போட்டுகீறாங்க. எங்க போட்டனோ அங்கியே.

அன்னிலேர்ந்து எனுக்கு என் கையப் பாத்தா பயம். நா போட்டு அனுப்பனா திரும்பி வரமாட்டாங்கன்னு தோணிப்போச்சி. சாமியாருகிட்ட சொன்னா திட்டுவாரு. அதான் சொல்லல. நீ மடத்துக்குக் கெளம்பசொல்ல எனுக்குத் தெரியும், என் கை தானா ஒன் நெத்திக்கு வந்துடும். அதான் பாத்திரத்துல கைய வுட்டுகினு ஒக்காந்தேன். வெளக்கன பாத்திரத்தையே வெளக்கினு இருந்தேன். நீ போன அப்பறம்தான் திரும்பனேன். நீ தெரு முனை திரும்பிட்ட.

வண்டி கத சொல்றேன். லாரி ஓடற அதே ரோட்ல இவன் விசிலடிச்சிகினு ஓட்றான். நா எப்பிடி சும்மா இருப்பேன்? நெத்தில போட பயம். ஓலை சிலுவ கோயில்ல மந்திரிச்சது, என் கை போட்டது இல்ல. அத வெச்சா ஒண்ணும் ஆவாது. ஒங்கப்பாவுக்கு ஒண்ணுதான் போட்டேன், பத்தல. அதான் இவனுக்கு நெறைய வெச்சேன். வண்டி இழுக்கலன்னு அவன் பொலம்பசொல்ல ஏன்னு எனுக்குத் தெரியும். மெதுவா போறான்ல, போவட்டும்னு வுட்டுட்டேன். மலைக்கும் போவ வேணாம், ஒன்ன ஒப்படைக்கவும் வேணாம்னு அதுவும் உள்ள இருந்துச்சி, பொய் சொல்ல மாட்டேன். வேண்டுதலா தடையான்னு அவன் கேட்டுகினே கீறான். எனுக்கே தெரியலயே, அவனுக்கு இன்னா சொல்றது? ரெண்டையும் ஒரே கையாலதான் வெச்சேன்.

மோனிகா ஊட்டு சிலுவையக் குடுத்துட்டேன். அவ சிரிச்சா. அணிலத் திட்டனதுக்குப் பாவம்னு சொல்லி ஒரு புடி அரிசி போட்டா.

வண்டி இப்போ நல்லா இழுக்குது. அதுவே எனுக்கு பயமா கீது. நாதன் அந்தப் புனலக் கழட்டிட்டு சின்ன வாயா வெச்சி கம்பி வல அடிச்சிட்டான். நா ஒண்ணும் சொருவ மாட்டேன்னு சொல்லிட்டேன். கண்ண மூடிகினு ஒக்காந்து வரேன். கார் நின்னுட்டா பஸ்ல வரேன். வாந்தி எடுத்தா எடுக்கறேன்.

எட்டாந்தேதி வந்து மெழுகுவத்தி குடுக்கறேன். நெத்தில சிலுவயும் போடறேன்.  ஒண்ணுதான் போடுவேன். பத்தலன்னு தோணனா அங்கியே சொல்லு கண்ணு, யாரு பாத்தாலும் பரவால்ல, இன்னொண்ணு போடறேன்.

அம்மா
ஞானம்மா